மெம்பர் மாமாவுக்கு, கிணற்றில் தண்ணீர் வந்த செய்தி

என் அக்காவைக் கட்டிய அன்பு மாமா,

தண்ணீர் வந்துவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் வேறு எதையும் நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள். பாறை பிளந்து ஊற்று எழும்பியபோது நீங்கள் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

இந்தக் கடிதத்தை ஊரார் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக நீங்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஏர்பேட்டுக்கு அந்தப் பக்கம், காணி நிலம்கூட இல்லாத குடும்பம் உங்களுடையது. இருபது வருஷம் திருமலைக்கு டோலி தூக்கினீர்கள். நடக்க முடியாதவர்களையும், நடந்தால் கௌரவம் குறையும் என்று நினைத்தவர்களையும் மூங்கில் கழியில் தொங்கவிட்டு மலையேற்றினீர்கள். பக்தியின் எடை உங்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பௌராணிகருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு மழை நாளில், முழங்கால் முறிச்சான் படிக்கட்டில், இடிக்குப் பயந்து மற்ற மூவரும் டோலியை இறக்கிவிட்டு ஓடினார்கள். நீங்கள் ஓடவில்லை. உள்ளே இருந்த ஜமீன்தார் அதை மறக்கவில்லை. ஜில்லா போர்டில் ஏழைகள் சார்பில் ஒரு நியமன இடம் காலியானபோது கலெக்டரிடம் உங்கள் பெயரைச் சொன்னார். தலைவர்கள் உருவாகும் மற்ற வழிகளைப் பார்த்தால் இது ஒன்றும் மோசமில்லை. "ஏன் மாமா ஓடல?" என்று ஒரு நாள் கேட்டேன். "கால் புடிச்சிக்கிச்சி மச்சான்" என்றீர்கள். இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை.

நம் தெருவுக்குக் குடிக்க இருந்தது ஒரு குட்டை. எருமைகள் குளித்து எழுந்த பிறகு நம் முறை. போன கோடையில் அந்தத் தண்ணீரால் மூன்று வீடுகளில் சாவு விழுந்தது. அதற்காகத்தான் சித்தூருக்கு, போர்டு கூட்டத்துக்குப் போனோம். மனு எழுதியவன் நான் என்பதால் பார்வையாளர் பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

நீங்கள் எழுந்து, "எங்க தெருவுக்குக் கெணறு வேணுங்க" என்றீர்கள். பிரசிடெண்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த காகிதத்தை எடுத்தார். போர்டில் 'கிடையாது' என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. படித்தவர்கள் நாங்கள் புரிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

டோலிக்காரர்களின் சட்டம் வேறு. முன்னால் தூக்குகிறவன் 'கல்லு', 'பள்ளம்' என்று குரல் கொடுப்பான். பாதை தெரியாமல் பின்னால் வருகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை முன்னவன் அடுத்த அடி வைக்கமாட்டான்.

நீங்களும் வைக்கவில்லை. பிரசிடெண்டு பாலத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், அதே குரலில், கோபமே இல்லாமல், "எங்க தெருவுக்குக் கெணறு வேணுங்க" என்றீர்கள். சாலையைப் பற்றிப் பேசி முடித்ததும் மறுபடி.

"கூர்ச்சோவய்யா! உக்காரு!"

"உக்காந்துக்கறேங்க. நான் சொன்னது காதுல வுழுந்திச்சிங்களா?"

"வுழுந்திச்சி, வுழுந்திச்சி."

"அப்ப ஒருவாட்டி திருப்பிச் சொல்லிடுங்க."

சபை சிரித்தது. நீங்கள் நின்றுகொண்டே இருந்தீர்கள். வெயில் உச்சிக்கு வந்தது. வீட்டில் புளிசாதம் காத்திருந்த பிரசிடெண்டு கடைசியில் கத்தினார்: "கெணறு வேணும்! கெணறு வேணும்! போதுமா?" அவர் வாயிலிருந்து எது வந்தாலும் எழுதிவிடுவது குமாஸ்தாவின் பழக்கம். அதையும் தீர்மானமாக எழுதிவிட்டார்.

திரும்பும்போது ரயிலில், "அந்தாளுக்குக் காது மந்தம்போல, பாவம்" என்றீர்கள். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் நீங்களும் எங்களைப்போல் ஆகியிருப்பீர்கள், இல்லையா?

இனி, நீங்கள் பார்க்காதது. திறப்புவிழாவுக்குப் பிரசிடெண்டு வந்தார். பேசினார், மாலை வாங்கினார், வாளியை மட்டும் தொடவில்லை. கல்லில் அவர் பெயர். உங்கள் பெயருக்கு இடம் போதவில்லையாம். அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "பேரு அவுருதா இருக்கட்டும்டா. தண்ணி சேந்தப் போறது அவுரா?" என்றாள்.

புருஷனை இழந்தவள் புதுக் கிணற்றில் முதல் குடம் சேந்தக் கூடாது என்பார்களே, அதனால் அக்கா ஒதுங்கியே நின்றாள். பிரசிடெண்டின் கார் போன பிறகும் தெருப் பெண்கள் ஒருத்தியும் கயிற்றைத் தொடவில்லை. காலிக் குடத்தோடு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ சேந்தாம நாங்க சேந்தறதா? வா யக்கா, வெயில் ஏறிக்கினு போவுது" என்றாள் எதிர்வீட்டு முனியம்மா.

"ஊரு ஏதாச்சும் சொல்லும்டீ."

"சொல்லட்டும். தாகம் எடுத்தா இங்கதான வரணும்?"

அக்கா வந்தாள். வாளியை இறக்கி, இழுத்து, ஒரு கை அள்ளிக் குடித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, "ராட்டினம் என்னாடா இப்பிடிக் கத்துது? எண்ணெ போட ஒரு ஆம்பள இல்லியா இந்தத் தெருவுல?" என்றாள்.

போடுகிறேன் மாமா. வாரம் தவறாமல், பள்ளிக்கூடம் முடிந்ததும், விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு போய்விடுவேன். அக்கா தண்ணீர் சேந்தும்போது அது கத்தாது.

உங்கள் வாத்தியார் மச்சான்