குளத்துக்குள் கடைத்தொகுதி

12.08.2004, வியாழன்

பிரதேச சபையில் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்தபின் இன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தேன். சபையின் புதிய கடைத்தொகுதிக்கு இடம் தேடி, தவிசாளரோடு குளம் பார்க்கப் போனோம். குளத்தோரம் கட்டடம் எழுப்பக்கூடாத ஒதுக்கு நிலம் வற்றிக் கிடந்தது, மாடுகள் மேய்ந்தன.

"நல்ல வெறுங்காணி. கடைத்தொகுதியை இதிலயே கட்டலாம்," என்றார் தவிசாளர்.

"சேர், மாரியில இதில இடுப்பளவு தண்ணி நிக்கும்," என்றேன்.

கூட வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிரித்தார். "பிள்ளை நீந்தியே கம்பசுக்குப் போனது?"

தவிசாளர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் கூட்டத்திலதான் முடிவெடுக்கிறம். அங்க எழும்பிச் சொல்லும் பாப்பம்."

"வேலை நிரந்தரமாகேல்லை, பேசாமல் இரு," என்கிறார் அம்மா. எங்கள் வயலுக்கு அந்தக் குளத்துத் தண்ணீர்தான். அப்பா சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாளைக்குக் கட்டும் சேலையை இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி வைத்துவிட்டேன். எழும்பத்தான் போகிறேன். குரல் வருமோ தெரியாது.