தங்கப் படலத்தில் நகர்ந்த கோணம்

செவ்வாய், வடபுல ஆய்வு நிலையம். குரல்பதிவு: கோகிலவாணி, உணரிப் பிரிவு.

நாள் 212. 09:20
உணரி சூடேறியது. நீர் ஓட்டுவதற்கு முந்தைய அடிப்படை அளவு சீர். அறை வெப்பம் 21.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கண்ணாடிச் சில்லின் மேல் மெல்லிய தங்கப் படலம். அதன் மேல் நச்சுப்புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள். அடியிலிருந்து ஒளி பாய்ச்சினால் ஒரு கோணத்தில் மட்டும் அது திரும்பி வராமல் இருண்டுபோகும். படலத்தில் ஏதாவது ஒட்டினால் அந்த இருட்டுக் கோணம் நகரும். நச்சு, நிலத்தடிப் பனியில் போன வருடம் கண்டுபிடித்த நுண்ணுயிரினுடையது. சோதனை எலிகளின் தசைகளை முடக்கியது.

இந்த நிலையத்தில் நாங்கள் இருவர் மட்டும். கலிஸ்டஸ் அண்ணன் நாற்பது கிலோமீட்டர் வடக்கே, பனியில் துளையிடும் கூடாரத்தில். துளையிலிருந்து எடுத்து அவர் அனுப்பிய துளைநீர் ஆளில்லா வண்டியில் வந்து சேர்ந்தது.

நாள் 212. 11:45
கோணம் 0.03 பாகை நகர்ந்தது. மூலக்கூறு பூசாத ஒப்பீட்டுத் தடத்தில் நகர்வு இல்லை. புதுச் சில்லில் மீண்டும் பார்க்க வேண்டும். புதுச் சில்லு இல்லை. இதைப் பத்தொன்பது முறை கழுவிப் பயன்படுத்திவிட்டேன். பத்து முறைதான் அனுமதி. நகர்வுக்குக் காரணம் சில்லின் தேய்மானம் என்று குறித்தேன்.

வானொலியில் அண்ணன். "கோகிலா, கூடாரத்துல தண்ணி தீந்துட்டு. துளைத்தண்ணிய குடிக்கலாம்னா இங்கனயே இருந்து வேலைய முடிச்சிருவேன். இல்லைன்னா வண்டிய அனுப்பு, வந்துருதேன்."

"குடிக்கலாங்ண்ணா. சுத்தமா இருக்குதுங்க."

நாள் 214. 10:10
"விரலெல்லாம் மரத்துப்போச்சு. நாக்கும் ஒரு மாதிரி இருக்கு. குளிரா இருக்குமோ?"

"குளிராத்தான் இருக்கும்ங்ண்ணா."

மிச்ச நீரை மறுபடி சில்லின் மேல் ஓட்டினேன். கோணம் மெல்ல ஏறி, அதே 0.03இல் நின்றது. தேய்மானம் இப்படி ஏறி நிற்காது. ஒட்டும் பொருள்தான் இப்படி ஏறி நிற்கும். எனக்குத் தெரிந்துவிட்டது.

நாள் 214. 13:30
மூன்று மணி நேரம் நான் அவரைக் கூப்பிடவில்லை. குழாய்களைக் கழுவினேன். மேசையைத் துடைத்தேன். பிறகுதான் கூப்பிட்டேன்.

"அண்ணா, அந்தத் தண்ணி வேண்டாங்க. வண்டியில நானே வர்றேன்."

"நீதான நல்லாருக்குன்ன?"

"கருவி கொஞ்சம் தகராறுங்க."

கருவியில் தகராறு இல்லை.

நாள் 215. 08:40
நேற்று மாலை அவரை வண்டியில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டு வந்தேன். கால்கள் அசையவில்லை. பேச்சு குழறியது. கடைசியாக என்னிடம் தெளிவாகச் சொன்னது: "நாலே முக்கா லிட்டர் குடிச்சிருக்கேன். எழுதிக்கோ, ஒனக்கு ஒதவும்." எழுதிக்கொண்டேன்.

இன்று எட்டு மணிக்கு மூச்சு நின்றது. இங்கே சுவாசக் கருவி கிடையாது. கையால் அழுத்தும் பை மட்டும். ஐந்து விநாடிக்கு ஓர் அழுத்தம். மூச்சு கொடுத்துக் காத்த எலிகள் மூன்று நாளில் எழுந்தன. அவர் மூளைக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கேட்கிறது. 'ஆம்' என்றால் ஒரு முறை இமைக்கிறார்.

நாள் 215. 15:05
அவரிடம் சொல்லிவிட்டேன். நாள் 160இல் புதுச் சில்லுப் பெட்டியைக் கீழே போட்டு, கருவியில் இருந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் உடைத்தேன். 'பயன்படுத்தப்பட்டவை' என்று பதிந்தேன். இந்தப் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் 'நிதானமான கைகள்' என்று எழுதியிருந்தார்கள். சந்தேகம் என்று அன்றே சொல்லியிருந்தால், ஏன் புதுச் சில்லில் மறுபடி பார்க்கவில்லை என்று கேட்டிருப்பார். அதற்குப் பயந்து குடிக்கச் சொன்னேன்.

அவரால் பதில் சொல்ல முடியாமல் போகும் வரை காத்திருந்துதான் சொன்னேன். அதையும் பதிவு செய்கிறேன்.

"கேட்டுச்சுங்களாண்ணா?"

ஒரு முறை இமைத்தார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தபடி பையை அழுத்தினேன்.

நாள் 216. 10:30
இருபத்தாறரை மணி நேரம். வலது கை வீங்கிவிட்டது. இடது கை. பூமிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். பதில்: "தொடருங்கள். அடுத்த விண்கலம் நாற்பது நாளில்."

தூத்துக்குடியில் அவர் மகள் பெயர் ரெக்சலின். அவளுக்கு ஒரு செய்தி சொல்லட்டுமா என்று கேட்டேன். இமைத்தார். என்ன சொல்வது என்று கேட்க வழியில்லை. நானாக எதையாவது சொன்னால், அதுவும் என் பொய்யாக இருக்கும்.

நாள் 217. 09:15
சுண்டுவிரலை அசைத்தார். நிச்சயம் பார்த்தேன். இன்னும் ஒரு நாள். எண்ணிக்கொண்டே அழுத்துகிறேன். எண்ணிக்கை தவறுகிறது.

நாள் 217. 11:50
துளைநீரைக் குடிக்காதீர்கள். அது சுத்தம் என்ற என் முதல் அறிக்கை பொய். அதிலுள்ள கையெழுத்து என்னுடையது.

நாள் 217. நேரம்
தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. பை கையில்தான் இருந்தது. அழுத்துகிறேன். மார்பு எழும்புகிறது, தாழ்கிறது. கண்கள் திறந்திருக்கின்றன.

"அண்ணா, கேட்குதுங்களா?"

இமை அசையவில்லை. நாடி பார்க்கப் பையிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுக்க மாட்டேன். அழுத்துகிறேன். மார்பு எழும்புகிறது. எழும்...