பெட்டிக்கு ஏதாச்சும் இருக்கா?

அக்டோபர் 6, ஞாயிறு

சர்ச் முடிந்து வழக்கம்போல கோரின் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. பீன்ஸ், சோள ரொட்டி, வறுத்த கோழி. பாஸ்டரும் வந்திருந்தார்.

அந்த வீட்டு வாசலில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அக்காவின் மகள் ஹேட்டி தவழ ஆரம்பித்தபோது அவள் அப்பா டூயி அண்ணன் வைத்தது. சாவி அக்காவின் கழுத்துச் சங்கிலியில். பெரியவர்கள் யார் வந்தாலும் கதவைத் திறந்ததும் அக்கா கேட்பது ஒன்றுதான்: “பெட்டிக்கு ஏதாச்சும் இருக்கா?” இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வருவார்கள். யாரும் கோபித்துக்கொண்டது இல்லை. இன்று பாஸ்டர்கூடச் சட்டையைத் தூக்கித் தன்னுடையதை எடுத்தார். “பிரசங்கத்துல தூங்குறவனுக்காக வெச்சிருந்தேன்” என்றார். டூயி அண்ணன், “அப்போ நான் பொழச்சது தெய்வச் செயல்தான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா மட்டும் எப்போதும் சொல்வது: “என்னோடதை வண்டியிலேயே வெச்சுட்டேம்மா.”

பொய். சட்டைக்கு அடியில், வலது இடுப்பில் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் பின்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பொய்யோடு சேர்ந்து நானும் உள்ளே போகிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

செவ்வாயும் வியாழனும் அக்கா வேலைக்குப் போகும்போது ஹேட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில் சலவைக் கடையில் துணி மடிக்கிறேன். மடிக்கிற வேலைக்குப் பேச வேண்டாம்.

பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். முதல் வார்த்தையே வராது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஹேட்டியிடம் மட்டும் அப்படி ஆவதில்லை. அவளுக்கு நாலு வயது. இன்று அவளுடைய துணி முயலுக்குக் கல்யாணம் செய்து வைத்தோம். மாப்பிள்ளை ஒரு கையுறை.

“மார்லிக்கா, கையுறைக்கு வாயே இல்லையே, எப்படிச் சம்மதம் சொல்லும்?”

“தலையாட்டும்.”

“உன்ன மாதிரியா?”

என்னை மாதிரிதான்.

அக்டோபர் 11

மழை. சலவைக் கடையில் கூட்டம்.

அப்பாவைப் பற்றி நினைத்துக்கொண்டே இருந்தேன். கெட்ட எண்ணத்தில் பொய் சொல்கிறவர் இல்லை. டூயி அண்ணனும் அவரும் ஒரே யார்டில், வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வரும் இழுவை வண்டி ஓட்டுகிறார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், மலைப் பாதையில் வண்டி நின்றுவிட்டது என்று கூப்பிட்டவர்கள் அப்பாவை இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு. அன்றிலிருந்து குளிக்கிற நேரம் தவிர துப்பாக்கியைக் கழற்றுவதில்லை. “இடுப்புல இல்லன்னா அது இருக்குறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்” என்பார்.

சரி. அதை அக்காவிடம் சொல்லலாமே? சொன்னால் “பெட்டியில வைங்கண்ணே” என்பாள். அதற்காகத்தான் சொல்வதில்லை. ஆனால் அது அவள் வீடு இல்லையா?

அக்டோபர் 13, ஞாயிறு

எழுத முடியுமா பார்க்கிறேன்.

சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா எழுந்து கழிவறைக்குப் போனார். காலையிலிருந்தே வயிறு சரியில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்கா வாழைப்பழப் புட்டிங்கைக் கொண்டுவந்தாள். “ஹேட்டி எங்க? மார்லி, கொஞ்சம் பாரேன்” என்றாள்.

கழிவறைக் கதவு பாதி திறந்திருந்தது. கை கழுவுவதற்காக வைத்திருக்கும் குட்டி முக்காலியை ஹேட்டி நகர்த்திப் போட்டு அதன்மேல் நின்றிருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் அப்பாவின் துப்பாக்கி. ஹேட்டியின் விரல் அதன் மேல்.

கழிவறையில் துப்பாக்கியை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். பேன்ட்டை இறக்கும்போது உறையோடு பேன்ட்டிலேயே கிடக்கட்டும், எங்கேயும் எடுத்து வைக்காதே, வைத்தால் மறந்துவிடுவாய். ரவை ஏற்றித்தான் வைத்திருப்பார். எப்போதும்.

நான் கத்தவில்லை. கத்த வரவில்லை. அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டேன். துப்பாக்கியை எடுத்தேன். அப்பாவிடம் கொடுக்க வேண்டுமென்றால் எல்லோர் முன்னாலும் சாப்பாட்டு அறையைத் தாண்டிப் போக வேண்டும். என் ஸ்வெட்டருக்கு அடியில், ஜீன்ஸ் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஹேட்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். ஒரு நாலு வயசுப் பிள்ளைகிட்ட!

போய் உட்கார்ந்தேன். வயிற்றில் இரும்பு குத்தியது. குனிய பயம். மூச்சு விட பயம். அக்கா எனக்கு நிறைய புட்டிங் போட்டாள், “மெலிஞ்சு போயிட்டே” என்றாள்.

அப்போதுதான் அப்பாவின் கை இடுப்புக்குப் போனது. முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து போனார், வந்தார், எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது நான் வயிற்றின் மேல் கையை வைத்தேன். அப்பா உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தார். “புட்டிங் பிரமாதம் கோரின்” என்றார்.

வண்டியில் ஏறியதும் கொடுத்தேன். பாலம் தாண்டியதும் அப்பா என் தலையில் கை வைத்து, “நீ பண்ணுனது நல்ல காரியம்மா. என் மானத்தைக் காப்பாத்திட்டே” என்றார்.

அம்மா எங்களை விட்டுப் போன பிறகு அப்பா என்னை இப்படிப் பாராட்டியதே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது. ஒரு நிமிஷம் நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு.

அக்டோபர் 15, செவ்வாய்

அக்கா வேலைக்குக் கிளம்பாமல் எனக்காகக் காத்திருந்தாள். ஹேட்டி அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மார்லி, இவ ரெண்டு நாளா ஒரே கதை. பாத்ரூம்ல துப்பாக்கி இருந்துச்சாம். அதை நீ எடுத்து வயித்துல ஒளிச்சு வெச்சுக்கிட்டியாம். டூயி தன்னோடது பெட்டியிலதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்றார். நீ ஏதாச்சும் பாத்தியா?”

சொல்லியிருக்கலாம். அக்கா கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னை நம்பித்தான் கேட்டாள்.

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

“பாத்தியா ஹேட்டி? சின்னப் பொய் சொன்னா விட்டுடலாம். ஒருத்தர் மேல பழி போடுற பொய் சொல்லக் கூடாது. அக்காகிட்ட மன்னிப்பு கேளு.”

ஹேட்டி என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு வந்து என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கோ மார்லிக்கா” என்றாள்.

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுத்தேன்! எந்த மாதிரி ஜென்மம் நான்?

அக்டோபர் 16

அப்பாவிடம் சொன்னேன். ஹேட்டி மன்னிப்பு கேட்டதை. டிவியைப் பார்த்துக்கொண்டே, “சின்னப் பிள்ளை, நாளைக்கே மறந்துடும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். இன்னும் வெளிச்சம்கூடப் போகவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மறக்கவில்லை.

ஹேட்டி தனியாகக் கழிவறைக்குப் போவதில்லை. இன்று இரண்டு முறை உடையிலேயே போய்விட்டாள். நான் மாற்றிவிட்டேன். விளையாடக் கூப்பிட்டால் வருகிறாள், ஆனால் முயலைத் தானே வைத்துக்கொள்கிறாள், என்னிடம் தருவதில்லை.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: “மார்லிக்கா, நான் பாத்தது கனவா?”

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

“அம்மா சொன்னாங்க, கனவா இருக்கும்னு. கனவு ஜில்லுனு இருக்குமா?”

அதைத் தொட்ட விரலை நீட்டிக் காட்டினாள்.

அக்டோபர் 19

துணி மடிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். ‘அக்கா, ஹேட்டி சொன்னது நிஜம்.’ நாலே வார்த்தை. துண்டுகளிடம் நன்றாக வருகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அக்காவைச் சமையலறையில் தனியாகப் பிடித்து, மெதுவாக, என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்றோம். அக்கா கதவைத் திறந்தாள். பின்னால் டூயி அண்ணன், அவர் தோளில் ஹேட்டி.

“பெட்டிக்கு ஏதாச்சும் இருக்காண்ணே?”

“வண்டியிலேயே வெச்சுட்டேம்மா.” அதே குரல். அதே சிரிப்பு. போன வாரத்துக்குப் பிறகும்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“இடுப்புல இருக்கு” என்றேன்.

யார் பேசியது என்று அக்கா ஒரு கணம் தேடினாள். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“வலது பக்கம். எப்பவும் அங்கதான் இருக்கும். போன வாரம் பாத்ரூம்ல மறந்துட்டாரு. ஹேட்டி கை வெச்சுட்டா. நான்தான் எடுத்து ஒளிச்சேன். அவ பொய் சொல்லலக்கா. நான்தான் பொய்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கண் கதவு நிலையிலேயே இருந்தது.

அக்கா டூயி அண்ணன் தோளிலிருந்து ஹேட்டியை வாங்கினாள். அந்த விரல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஏதோ இப்போதுதான் காயம் பட்டதுபோல. “உன்னை மன்னிப்பு கேக்க வெச்சேனே” என்று ஹேட்டியிடம் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

டூயி அண்ணன்தான் அப்பாவிடம் பேசினார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

“வெச்சுக்காதேன்னு நான் சொன்னேனா ராய்ஸ்? உனக்கு நடந்தது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதே நான்தானேடா. ‘இருக்கு, கழட்ட மனசு வரல’ன்னு ஒரு வார்த்தை. வாசல்ல மேஜையப் போட்டு உன்கூட நானும் இங்கேயே உக்காந்து சாப்பிட்டிருப்பேன்.”

“டூயி...”

“கெளம்பு. யார்டுல பாக்கலாம்.”

வண்டியில் அப்பா, “வீட்டுல என்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றார்.

“சொன்னேன்ப்பா. புதன்கிழமை.”



அக்டோபர் 22, செவ்வாய்

அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 30

அப்பாவை எல்லோருக்கும் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன். இல்லை, அவரே செய்துகொண்டது. இல்லை. இரண்டும்தான்.

எது பெரிய தப்பு என்று யோசிக்கிறேன். அந்த ஞாயிறு எடுத்து ஒளித்ததா, செவ்வாய்க்கிழமை தலையாட்டியதா? ஒளித்தது பயத்தில். தலையாட்டியபோது பயம் இல்லை. சௌகரியமாக இருந்தது.

நவம்பர் 9

சலவைக் கடைக்கு டூயி அண்ணன் வந்தார், யார்டு சீருடைகளோடு. நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். “மார்லி, உன் கால் தெரியுது” என்றார். வெளியே வந்தேன். ஹேட்டி இப்போது தனியாகக் கழிவறைக்குப் போகிறாளாம். அதைச் சொல்லத்தான் வந்தாரா, சீருடைக்காக வந்தாரா, தெரியவில்லை. அவர் வீட்டில் மெஷின் இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

நன்றித் திருநாள். போன வருடம் அக்கா வீட்டில் முழு வான்கோழி. இன்று அப்பாவும் நானும், கடையில் வாங்கிய வான்கோழித் துண்டுகள். அப்பா ஜெபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். “நீ சொல்லு” என்றார்.

பள்ளியில் எழுந்து நிற்கச் சொன்னதுபோல இருந்தது. ஆனால் சொன்னேன். சின்னதாக. ஹேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்காக, என்று.

அப்பா புருவத் தழும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “அவ விரலு எங்க இருந்துச்சு?” என்று கேட்டார். இத்தனை நாளில் முதல் முறை.

“குழல் மேலப்பா.”

எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்குப் போகத் தெரியவில்லை. அவர் தட்டை மூடி வைத்தேன்.

டிசம்பர் 4

அப்பா வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டியை முடுக்கிக்கொண்டிருக்கிறார். ஸ்பேனரைப் பிடித்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

நேற்று அக்கா போன் செய்தாள். “நாளைக்கு வர முடியுமா? வேற ஆள் கிடைக்கல.” அவ்வளவுதான். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது நிஜமா என்று நான் கேட்கவில்லை.

அப்பா கேட் வரை கொண்டுவந்து விட்டார். இன்ஜினை அணைக்கவில்லை. இறங்கவில்லை. கண்ணாடியில் அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போகிறேன். என்னிடம் அவள் இதுவரை கேட்டதில்லை. இன்று கேட்டாள்.

“பெட்டிக்கு ஏதாச்சும் இருக்கா?”

“இல்லக்கா.”

அவள் நகரவில்லை. அவளுக்குக் கீழே, கதவிடுக்கு வழியாக ஹேட்டி வந்தாள். முயலைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

“கையைத் தூக்கு” என்றாள்.

தூக்கினேன். முயலைத் தரையில் வைத்துவிட்டு என் ஸ்வெட்டர் பைகளைத் தட்டிப் பார்த்தாள். வயிற்றைச் சுற்றிலும் அமுக்கிப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த அதே இடத்தில் இரண்டு முறை. “திரும்பு.” திரும்பினேன். கேட்டுக்கு வெளியே அப்பா ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

போதும் ஹேட்டி என்று அக்கா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. குளிரில் கை வலிக்க ஆரம்பித்தது. இறக்கவில்லை.

“ஒண்ணும் இல்லம்மா” என்றாள் ஹேட்டி.

அதற்குப் பிறகுதான் அக்கா கதவை விட்டு நகர்ந்தாள்.