மூன்று ஹலோவுக்குப் பிறகு

ஜனவரி 9

என் அருமை இருபத்திரண்டுக்கு,

நலம்தானே? இங்கே நானும் வீட்டுக்காரரும் நலம். போன வருஷம் நெஞ்சைத் திறந்து தைத்த மனுஷர், இப்போது நடைப்பயிற்சி என்று கிளம்பித் தெருவில் ஒருவர் விடாமல் நிறுத்திவைத்துப் பேசுகிறார். நடக்கிறது வாய்தான், கால் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரம், நீயும் நானும் அந்தத் துறைமுக ஊருக்குப் போகிறோம். ஐந்து நாள். உடனே முடியாது கிடியாது என்று ஆரம்பிக்காதே, முழுசாகப் படி.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் அந்த ஊர் ட்ரங்க் லைனை நாம் இரண்டு பேர்தானே பார்த்தோம்? ஏழாம் நம்பர் நாற்காலியில் நான், எதிர் வரிசையில் இருபத்திரண்டாம் நம்பரில் நீ. ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஹெட்போனில் நமக்குத் தெரியாத சத்தம் அங்கே ஏது? அந்த மீன் ஏற்றுமதிக்காரர் ஒரு மொழியில் டிரைவரைத் திட்டுவார், அதே மூச்சில் இன்னொரு மொழியில் பெண்டாட்டியிடம் குழைவார். வெயில் தாங்கவில்லை என்று மூன்றாவது மொழியில் நம்மிடமே புலம்புவார். பின்னால் டிராம் மணி கேட்கும். நாலு மணிக்குக் கப்பல் சங்கு ஊதும். "ரிட்டயர் ஆனதும் மொத டூர் அங்கதான்டீ" என்று கேன்டீனில் என் கையில் அடித்துச் சொன்னது நீதான். ரிட்டயராகி மூன்று வருஷம் ஆச்சு!

கடற்கரைத் தெருவில் லாட்ஜ் பார்த்துவிட்டேன். மாடியில் கடைசி அறை, இரண்டு கட்டில், கடல் பக்கம் ஜன்னல். இந்த மாதக் கடைசிக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டுமாம்.

ஒரு குறையும் உண்டு. ஆறு தடவை போன் பண்ணினேன். ஆறு தடவையும் உன் மகன்தான் எடுத்தான். "அம்மா இப்பதான் வெளிய போனாங்க பெரியம்மா" என்கிறான். காலையில் கூப்பிட்டாலும் இப்போதுதான், சாயங்காலம் கூப்பிட்டாலும் இப்போதுதான். அப்படி எங்கேடீ போகிறாய்?

உன்
ஏழு


ஜனவரி 17

அன்புள்ள ஏழுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் நடமாடுவது கேட்டு மனசு குளிர்ந்தது. பேசட்டும், விடு.

ஊருக்கு வர எனக்கும் ஆசைதான். ஆனால் ஏப்ரலில் பேரனுக்குப் பரீட்சை, மருமகளுக்கு ஆபீசில் லீவு கிடைக்காது. மாடி அறை என்கிறாய், என் முட்டி மாடிக்கு ஒத்துழைக்காது. போன் வயரை எலி கடித்துவிட்டது, அதனால்தான் பேச முடியவில்லை. நீ வேண்டுமானால் பதினொன்றைக் கூட்டிக்கொண்டு போ. அவளும் சும்மாதான் இருக்கிறாள்.

போய்விட்டு வந்து எல்லாவற்றையும் விடாமல் எழுது. உன் கையெழுத்து கோழி கிளறினமாதிரி இருந்தாலும் இப்போதெல்லாம் எனக்குக் கடிதம்தான் பிடிக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன்
இருபத்திரண்டு


ஜனவரி 24

இருபத்திரண்டுக்கு,

எலி கடித்த வயரில் உன் மகன் மட்டும் எப்படிப் பேசுகிறான்? முப்பது வருஷம் டெலிபோனோடு குடித்தனம் நடத்தினவளிடம் இந்தக் கதையா? பேரனுக்கு ஏழு வயசு. அவன் எழுதப்போகிற பரீட்சைக்கு நீ எதற்கு? பதினொன்றோடு போகவாம். அவள் சாப்பிடும்போதும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். ஐந்து நாளில் என்னை நேராக ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி என்று எழுதிவிட்டேன். கேட்கவே கூடாது என்று ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன்.

போன பிப்ரவரியில் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். வராந்தாவில் நான் தன்னந்தனியாக நின்றேன். வாசலில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது. உன்னைத்தான் கூப்பிட்டேன். நீயே எடுத்தாய். "நான்தான்டீ, அவர உள்ள கொண்டுபோயிட்டாங்க, பயமா இருக்குடீ" என்று அழுதேன். நீ "ஹலோ" என்றாய். இன்னும் சத்தமாகச் சொன்னேன், வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் "ஹலோ". மூன்றாவது தடவையும் "ஹலோ". அப்புறம் வைத்துவிட்டாய்.

மூன்று ஹலோ, பதில் இல்லையென்றால் பிளக்கை உருவு என்பது நம் ஆபீஸ் சட்டம். நாமும் ஆயிரம் பேருக்கு அப்படிச் செய்தவர்கள்தான். ஆனால் நான் பதில் சொன்னேனே! பிறகு நான் கார்டு போட்டதும் இரண்டு பக்கம் நலம் விசாரித்து எழுதினாய். அந்த போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இத்தனை நாளும் உள்ளே அறுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

லாட்ஜுக்கு இரண்டு கட்டில் என்றே உறுதி எழுதிவிட்டேன். நீ வராவிட்டால் ஒன்று காலியாகக் கிடக்கட்டும். என் மேல் என்ன கோபம் என்றாவது சொல். அதையும் சொல்லாவிட்டால் இதுவே என் கடைசிக் கடிதம்.

ஏழு


பிப்ரவரி 11

என் ஏழு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. எத்தனை தாளை எழுதிக் கிழித்தேன் என்று மருமகளைக் கேள், அவள்தான் கூட்டிப் பெருக்குகிறாள்.

அந்த ஊமை போன் கால் நீயா? ஐயோ, நீயா!

எனக்குக் காது கேட்பதில்லையடி. எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை தாள்.

அன்றைக்குப் பேரன்தான் என் கையைப் பிடித்து இழுத்துப் போனைக் காட்டினான். மணி அடித்ததே எனக்குத் தெரியவில்லை, ஏதோ நினைப்பில் இருந்தேன் என்று எண்ணிக்கொண்டேன். எடுத்தால் லைனில் ஒன்றுமே இல்லை. வேறு யாராவது என்றால் தன் காதைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் லைனைச் சந்தேகப்பட்டேன். மூன்று ஹலோ சொன்னேன், வைத்தேன், லைன் செத்துவிட்டது என்று கையோடு புகாரும் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், பேசிப் பார்த்தார். "லைன் நல்லாத்தாம்மா இருக்கு, நீங்களே கேளுங்க" என்று ரிசீவரை என் கையில் கொடுத்தார். அவர் எதிரில் நின்று சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ரிசீவரைக் காதில் வைத்தால் ஒன்றுமில்லை. இந்தக் காதுக்கு மாற்றினேன், அந்தக் காதுக்கு மாற்றினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டூல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வலது காது சுத்தமாகப் போய்விட்டதாம், இடது பக்கம் கொஞ்சம் மிச்சமாம். மகன் மிஷின் வாங்கி மாட்டிவிட்டான். அதை மாட்டினால் கரண்டி விழுந்தாலும் இடி விழுகிறது. மனிதர் பேச்சு மட்டும் வரவில்லை. கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் அம்மா எனக்கு வைத்த பட்டம் ஞாபகம் இருக்கிறதா? பாம்புச் செவி. வேறு யாருக்கும் பிடிபடாத லைன் எல்லாம் என் போர்டுக்குத்தான் வரும். அந்தப் பாம்புச் செவி செவிடாகிவிட்டது என்று உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால்தான் மகனைப் பொய் சொல்ல வைத்தேன். பாவம், அவனுக்கு அதுகூடச் சரியாக வரவில்லை.

நீ அழுதுகொண்டு நின்றாய். நான் ஆபீஸ் சட்டப்படி போனை வைத்தேன். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்கு வரமாட்டேன் என்றதும் இதனால்தான். அந்த ஊரை நாம் காதால் மட்டும்தான் அறிவோம். இப்போது அங்கே வந்து நான் என்ன செய்ய? உனக்கும் பாரம்.

முடிந்தால் மன்னித்துவிடு.

இருபத்திரண்டு


பிப்ரவரி 16

அடிப்பாவி இருபத்திரண்டே!

காதுதானா? என் மேல் கோபம் இல்லையா? ஒரு வருஷமாக நெஞ்சில் ஏற்றிவைத்த கல்லை இன்றைக்குத்தான் இறக்கினேன். கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், அப்புறம் நீ புகார் எழுதிக் கொடுத்ததை நினைத்துச் சிரித்தேன். வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மா எனக்கு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துவிட்டுப் போனாள்.

மன்னிப்பு இரண்டு பக்கமும்தான். காது போன சங்கடத்தை நீ ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாய். நான் அன்றைக்கே மறுபடியும் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் உன் மகனாவது எடுத்திருப்பான். ரோஷம்! வேறென்ன?

பாரமாம், பாரம். யாரிடம் சொல்கிறாய்? லைன்மேன் எதிரில் நின்று பேசியது உனக்கு எப்படிப் புரிந்தது, யோசித்தாயா? எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேர் தலையிலும் ஹெட்போன், நடுவில் அவ்வளவு பெரிய ஹால், நாற்பது பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். நீயும் நானும் சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்து என்னென்ன பேசினோம்! என்னைப் பெண் பார்க்க வந்தவர் எப்படி இருந்தார் என்று நான் உனக்குச் சொன்னது அப்படித்தான். "மூக்கு மட்டும்தான் தெரிஞ்சது" என்றேன், நீ சிரித்த சிரிப்பில் ஒரு அமைச்சர் வீட்டு போன் கால் கட்டாகிப் போனது. சூப்பர்வைசர் அம்மாவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடிந்ததா? காதை வைத்தா நாம் சிநேகிதம் பிடித்தோம்?

இன்னொன்று. நீ உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். எனக்கு மேல் வரிசைப் பல் முழுக்கக் கட்டினது. யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரரைத் தவிர. ப, ம எல்லாம் முன்னேபோல வராது, உதடு கொஞ்சம் கோணும். நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கையோடு லாட்ஜ் அம்மாவுக்குப் போன் பண்ணி விவரம் சொல்லிக் கேட்டேன். இங்கே சந்தையில் பாதிப் பேருக்கு மற்றப் பாதிப் பேரின் பேச்சு புரியாது, எல்லோரும் கையாலும் முகத்தாலும்தான் காரியம் நடத்துகிறோம், தைரியமாக வாருங்கள் என்கிறாள். உனக்கென்றே கட்டிய ஊர்!

ஒரே வார்த்தை எழுது. வருகிறாயா?

உன்
ஏழு


மார்ச் 2

என் கோணல் உதட்டு ஏழுக்கு,

வருகிறேன்.

மகனிடம் சொன்னேன். "அப்பாடா, இனிமே பெரியம்மாகிட்ட பொய் சொல்ல வேண்டாம்" என்று சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டான். மருமகள் இப்போதே பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள்.

பயம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் உன்னைத் தவறவிட்டால் நீ கூப்பிடுவது எனக்குக் கேட்காது. அதனால் சில நிபந்தனை. என் பக்கத்தில் உட்காராதே, எதிரில் உட்கார். கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்காதே. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே, முன்பும் அது ஒன்றுதான் எனக்குப் புரியாது. நாலு மணிச் சங்கு ஊதும்போது என் கையைத் தட்டு. ஊதிவிட்டது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜன்னலோரக் கட்டில் எனக்கு.

உன்
இருபத்திரண்டு


ஏப்ரல் 17

அன்புள்ள ஏழுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் சேர்ந்திருப்பாய். மேலெல்லாம் இன்னும் கடல் மணல் உதிர்கிறது. பேரனுக்கு வாங்கிய தொப்பியை அவன் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

மீன் சந்தையில் நான் தொலைந்துபோனதாக உன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பாய். தொலைந்தது நீ. சிப்பி வாங்கவென்று குனிந்தேன், நிமிர்ந்தால் உன்னைக் காணோம். அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே இரண்டு நீள வரிசைக் கடைகள், நடுவில் நூறு இருநூறு பேர், எல்லோர் வாயும் அசைகிறது. எனக்கு ஒரு சத்தமும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஏன்டா வந்தோம் என்று அழுகை முட்டியது.

அப்போதுதான் எதிர் வரிசைக் கடைசியில், தராசுக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்தேன். நீ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாய். அந்தச் சந்தை இரைச்சலில் பக்கத்தில் நின்ற மீன்காரிக்கே அது கேட்டிருக்காது. ஹாலுக்கு இந்தப் பக்கம் எனக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. என்னைத் திட்டின வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கட்டின பல்லோடு அவ்வளவு சுத்தமாகத் திட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு என்னைப் பார்த்துவிட்டாய். கத்துவதை நிறுத்தினாய். அந்தக் காலத்துமாதிரியே சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாய். ஹலோ. என் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். ஹலோ. மூன்றாவது ஹலோவுக்கு நீ வாயைத் திறக்கும்போதே நான் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டேன், "இருக்கேன்டீ, லைன்லதான் இருக்கேன்." சந்தையே திரும்பிப் பார்த்ததாக நீ அப்புறம் சொன்னாய். எனக்கெப்படித் தெரியும், எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று!

நாலு மணிக்கு நீ என் கையைத் தட்டினாய். ஐந்து நாளும் மறக்காமல் தட்டினாய். ஊர் ரொம்ப நல்ல ஊர். நான் நினைத்ததைவிட வெயில் அதிகம், அவ்வளவுதான் குறை.

இனி ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணு. பேரன் மணியைக் கேட்டுச் சொல்வான், நானே எடுப்பேன். நீ சொல்கிற எதுவும் எனக்குக் கேட்காது. கேட்காவிட்டால் என்ன? நீ பாட்டுக்குப் பேசு. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடி. முடிந்ததும் நீயே முதலில் வை, பக்கத்தில் நிற்கும் பேரன் லைன் கட்டானதைக் கேட்டு என் கையைத் தட்டுவான்.

அதுவரை நான் வைக்க மாட்டேன்.

உன்
இருபத்திரண்டு