கூடைப் பெயர்

செயின்ட் ஹெலினா தீவு,
1911 நவம்பர்

அன்பு மகன் எசேக்கியேலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், பிலடெல்பியாக் குளிரில் உன் நெஞ்சுச் சளிதான் எங்களுக்குக் கவலை. சர்க்கரைவள்ளி நன்றாக விளைந்திருக்கிறது, பருத்திதான் மழையில் போயிற்று.

போன கடிதத்தில் உன்னைக் கண்டபடி திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவனாக இருந்தபோது, அடிமைக் காலத்தில், டெக்சஸுக்கு விற்கப்பட்ட என் அக்கா ரெபெக்காவைத் தேடிப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கச் சொன்னால், வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற என் கூடைப் பெயரையும் நீயாகச் சேர்த்துவிட்டாய். போதகர் அதைக் கோவிலில் வாசித்ததும் ஒரே சிரிப்பு. டீக்கனாக இருக்கிறவன் பெயர் கூட்டா, ஆமை! மெதுவா வாங்க, ஓடு கழண்டுக்கப் போகுதுன்னு உன் அம்மா வழியெல்லாம் கேலி.

மகனே, நேற்று டெக்சஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கத்துப் போதகர் எழுதியது, சொல்லி எழுதவைத்தது அவள். ரெபெக்கான்னா யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா கூட்டாவை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சது நான்தான் என்கிறாள். ரெபெக்கா எஜமான் கணக்கில் மட்டும் இருந்த பெயர், வீட்டில் அவள் பைனா. பத்திரிகைக்குக் கணக்குப் பெயர்தான் முறை என்று நான் இத்தனை வருஷம் அதையே போட்டுவந்தேன். அந்த அறிவிப்புகளும் அவள் கோவிலில் வாசிக்கப்பட்டனவாம். யாரோ ரெபெக்கா, பாவம், தம்பி கையில் சேரட்டும் என்று அவளும் முழங்காலில் நின்று ஜெபித்தாளாம். தனக்காகவே ஜெபித்திருக்கிறாள்! இதை யாரிடம் சொல்ல, எப்படிச் சொல்ல.

இன்னும் சந்தேகம் இருந்தது, ஆமைப் பெயரைக் கேட்டு யாரும் எழுதலாமே என்று. கடைசியில் கேட்டிருக்கிறாள், அவன் இன்னமும் சோத்தை வாயிலேயே ஒதுக்கி வச்சுட்டு உக்காந்திருக்கானா என்று. அந்த மெதுவுக்குத்தான் ஆமை என்ற பெயரே எனக்கு வந்தது. உன் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, அவங்கதான், வேற யாருக்குத் தெரியும் உங்க லட்சணம் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். அவள் முகம் எனக்கு நினைவில் இல்லை, வரும் வசந்தத்தில் ரயிலேறி வருகிறாள்.

ராத்திரியில் மார்பை மூடிப் படு, கோவிலை விடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். ஒன்று மறக்காதே, அவளுக்கு நீயும் ஒரு கடிதம் எழுது. மதிப்பிற்குரிய அம்மையார் என்று பட்டணத்து மரியாதையெல்லாம் வேண்டாம். அத்தை என்று ஆரம்பி. அவளை அப்படிக் கூப்பிட இதுவரை ஒரு பிள்ளையும் இருந்ததில்லை.

உன் அப்பா,
பிரின்ஸ் மங்கின்