கோடு போடாத நட்

மார்ச் 3, செவ்வாய்

மழை. கொட்டகைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஒன்று சரியாக வண்டியின் மேல். வாளி வைத்தேன்.

மாப்பிள்ளை வந்தார். செயற்கைக் கால் பொருத்தியபின் கொட்டகைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. இடது கால், முழங்காலுக்குக் கீழே. தங்கச்சி அவரை இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் குடையோடு போய்ப் பத்து நிமிஷம் பேசிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "ம்" மட்டும்தான். திரும்பி வந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், செப்டம்பர் ரேஸுக்கு இது ஓடணும். நான்தான் ஓட்டுவேன்" என்றார். டீ சொல்லலாமா என்று கேட்கிற அதே குரல். எந்த எஞ்சின் என்பதை நானே முடிவு செய்யட்டுமாம்.

ஐம்பது வயசு ரேஸ் கார். இரண்டே சீட்டு, நீளமான மூக்கு. அதன் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. போன ஆகஸ்ட் ரேஸில், அந்த வேக வளைவில் எஞ்சின் இறுகி, பின் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு, வண்டி நேராகச் சுவரில் மோதி அவர் கால் போனது. கிழட்டு எஞ்சின் கழுத்தறுத்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

பழைய இரும்புக் கடையில் அரை நாள். கடைக்காரர் இரண்டு எஞ்சின் காட்டினார். ஒன்று நாலு சிலிண்டர், டர்போ வைத்தது. எடை குறைவு, ஆனால் சைலன்ஸர் குழாய் ஸ்டியரிங் தண்டின் மேலேயே போய் விழும். இன்னொன்று அலுமினிய எட்டு சிலிண்டர், பெரிய காரிலிருந்து கழற்றியது. பழைய இரும்பு எஞ்சினைவிடப் பதினெட்டு கிலோதான் கூட. முக்கியமாக, ஆட்டோ கியர்பாக்ஸோடு வருகிறது. கிளட்ச் மிதிக்க வேண்டாம். இடது கால் இல்லாத மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நல்ல காரணம். யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் என்னிடம் இரண்டு காரணம் இருக்கிறது. மற்றதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும்.

புது எஞ்சின் வந்துவிட்டால் பழையதை யாரும் திறக்க மாட்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன்.

நான் ஒரு நட்டை முறுக்கினால் உடனே அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவேன், நட்டையும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்து. நட் அசைந்தால் கோடு விலகிவிடும், தூரத்திலிருந்தே தெரியும். இருபத்தாறு வருஷப் பழக்கம். கோடு இல்லையென்றால் முறுக்கவில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார். கல்யாணத்தில் நான் மாலையைக்கூட மஞ்சள் கோடு போட்டுத்தான் கொடுத்தேனாம்.

ஆகஸ்ட் ரேஸ் அன்று காலை ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸ் கசிந்தது. புது ஹோஸ் மாட்டினேன். நட்டைக் கையால் திருகி உட்காரவைத்தேன். ஸ்பானரை எடுக்கப் போகும்போது, ரேஸுக்கு முந்தின சோதனைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பானெட்டை மூடித் தள்ளிக்கொண்டு போனேன்.

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. ஆறாவது சுற்றில் ஆயில் முழுவதும் கொட்டிப்போயிருக்கும், அதனால்தான் எஞ்சின் இறுகியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கச்சியிடம் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னபோது நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதே தெரியும். சீ.

மார்ச் 16, திங்கள்

எட்டு சிலிண்டர் வந்து இறங்கியது. மாப்பிள்ளையிடம் அதன் பெருமையை அரை மணி நேரம் அளந்தேன். "பழசுக்கு என்னதான் ஆச்சு மச்சான்? நீங்க பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே கிராங்க் தண்டு போயிருக்கும், திறந்து பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றேன். வாய் கூசவில்லை. எழுதும்போதுதான் கூசுகிறது.

மார்ச் 28, சனி

மானம் போச்சு.

எட்டு சிலிண்டரை உள்ளே தொங்கவிட்டு, தாங்கிகளை வெல்டு வைத்து முடித்தேன். எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி. ஸ்டாண்டை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினேன். டங்கென்று ஒரு சத்தம். முன் சக்கரங்களை இணைக்கிற குறுக்குக் கம்பி மேலே ஏறி, எஞ்சினின் ஆயில் தொட்டியில் போய் முட்டி நிற்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அளந்திருக்கிறேன். எடை தரையில் உட்கார்ந்தால் சக்கரம் மேலே ஏறும் என்று நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும். தாங்கி மொத்தத்தையும் வெட்டி மறுபடி செய்ய வேண்டும்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க இப்படிப் பண்ற ஆளே இல்லையே மச்சான். மனசுல என்ன ஓடுது?"

தூக்கம் சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 4, சனி

முடிவு மாறிவிட்டது. மாப்பிள்ளை பழைய எஞ்சினையே சரி பண்ணிப் போடப் போகிறாராம். கியர் கம்பியிலேயே ஒரு லிவர் வைத்துக் கையால் கிளட்ச் பிடிப்பாராம். வரைந்தே கொண்டுவந்திருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை லேத்துக்காரர் வந்து எஞ்சினைத் திறப்பார்.

இன்றே சொல்லிவிடலாமா? சொன்னால்? தங்கச்சி?

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் தார்ப்பாயைத் தூக்கினேன். கருகிய ஆயில் நாற்றம் இன்னும் போகவில்லை. எஞ்சினைக் கழற்றும்போது வெட்டிய ஹோஸின் மீதி தொங்குகிறது. எல்லா நட்டிலும் மஞ்சள் கோடு. அது ஒன்றில் மட்டும் இல்லை. விரலால் தொட்டேன், சுற்றியது.

முறுக்கினேன். கோடும் போட்டேன்.

எழுதிவிட்டுப் பார்த்தால் நம்பவே முடியவில்லை, இதைச் செய்தது நான்தானா?

ஏப்ரல் 6, திங்கள்

லேத்துக்காரர் ஒன்பது மணிக்கு வந்தார். மாப்பிள்ளை அவருக்கு முன்பே வந்துவிட்டார். தார்ப்பாயை எடுத்ததும் நேராக அந்த நட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலைத் திருப்பி என்னிடம் காட்டினார். மஞ்சள்.

ஆயில் மேல் பெயின்ட் காயாது. பெட்ரோல் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். நேற்று துடைக்கவில்லை.

"போன மாசம் மூணாம் தேதி நீங்க வெளியே போனப்பவே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துட்டேன். அன்னிக்கு இதுல கோடு இல்ல" என்றார்.

லேத்துக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போனார்.

"மறந்துட்டீங்க. சரி. யாருக்கும் நடக்கும். எந்த எஞ்சின்னு உங்களையே முடிவு பண்ணச் சொன்னேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு ஒரு மாசமா இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்திருக்கேன். அதுக்குப் பதிலா பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கியேடா."

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் வாடா போடா நண்பர்கள். அதற்கப்புறம் அவர் என்னை டா போட்டது இன்றுதான்.

சாயங்காலம் வண்டியையும் எஞ்சினையும் லேத்துக்காரர் பட்டறைக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். ஏற்றுவதற்கு நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

தங்கச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை சொல்லியிருக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஆஸ்பத்திரில என் பக்கத்துல நின்னியே அண்ணா, அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

உள்ளே போனாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 19, செவ்வாய்

வேலை இல்லை.

ஜூலை 12, ஞாயிறு

இரும்புக் கடையில் லேத்துக்காரரைப் பார்த்தேன். நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். பழைய எஞ்சினுக்குக் கிராங்கைச் சாணை பிடித்து, பேரிங் மாற்றி, போன வாரம் ஓடவிட்டார்களாம். கை கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம். ஒவ்வொரு நட்டுக்கும் மாப்பிள்ளையே கோடு போடுகிறாராம். பச்சை.

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் வண்டி நின்ற இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைக்கவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். கம்பி வேலிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன்.

லேத்துக்காரர் வந்து கூப்பிட்டார். பானெட் திறந்திருந்தது. அதே ஆறு சிலிண்டர், கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் பச்சைக் கோடு. ஆயில் ஹோஸின் நட்டில் மட்டும் இல்லை.

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்பானரை என்னிடம் நீட்டினார். "இத மட்டும் நீங்க முறுக்குங்க. முறுக்கறத நான் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா அந்த வளைவுல எனக்கு இதே நினைப்புதான் வரும்."

முறுக்கினேன். லேத்துக்காரர் தன் ஸ்பானரை வைத்து ஒரு தடவை சோதித்தார். அசையவில்லை. மாப்பிள்ளை குனிந்து பச்சைக் கோட்டைப் போட்டார். தள்ளி நிற்கச் சொன்னார்.

பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவை அவர் தாண்டுகிறவரை நான் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பதாவதாக வந்தார். தங்கச்சி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினாள். திரும்பி வரும்போது எனக்கு இரண்டடி தூரத்தில் நடந்து போனாள். "சாப்பிட்டியா" என்றாள், நிற்காமல்.

இல்லை என்று சொல்வதற்குள் போய்விட்டாள்.