சுவிச்சின் மேல் போட்ட பழி

லிந்துலை
9.11.2025

அன்பு மகள் பிரேமினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மழையையும் அம்மாவின் முழங்கால் வலியையும் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே நோர்வேயில் பனியைத் தவிர உனக்கும் எல்லாம் சுகமாக இருக்க முருகன் துணை. நீ அனுப்பிய ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கங்களைத் தம்பி நிரஞ்சன் போனில் பார்த்துத் தமிழில் சொன்னான். இரும்புக் கூண்டுக்குள் வாயுவை அழுத்தி அடைத்து, அதற்குள் ஆயிரக்கணக்கான அம்பியர் மின்சாரத்தை நெருப்பாக எரியவிட்டு அளக்கிறாயாம். ஏசி மின்சாரம் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்துக்கு வந்து போகும், அந்தக் கணத்தில் நெருப்பும் சாகப் பார்க்கும், அது மறுபடி பற்றாமலிருக்க வாயுவுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதுதான் உன் கேள்வியாம். முப்பது வருஷம் தேயிலை பெக்டரியில் எலெக்ட்ரீசியனாக இருந்தவனுக்கு இது தெரியாமல் போச்சே என்று வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். அம்மா மட்டும், "நெருப்ப அடைச்சு வச்சு வேடிக்க பாக்கவா அவ்வளவு தூரம் போனா?" என்று கேட்டாள். அப்புறம் தம்பி சமர்ப்பண வரியைப் படித்தான். "பழுதான சுவிச்சால் கை வெந்த என் அப்பாவுக்கு" என்று போட்டிருக்கிறாய். அம்மா அழுதுவிட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. என் வலது கை நாலு மாதம் கட்டுக்குள் கிடந்தது. காலையில் அம்மா கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போன பிறகு நீதான் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு எனக்கு ஊட்டுவாய், "வாயத் தொறங்கப்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று அதட்டுவாய், சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டு ஓடுவாய். நான் அதைச் சரி செய்யாமல் அப்படியே நாள் முழுக்க லயத்து வீடுகளைச் சுற்றி வருவேன். வலி இருந்தது, ஆனாலும் அதுபோல ஒரு நல்ல காலம் எனக்குத் திரும்ப வரவில்லை மகள். ஒருநாள், "அந்த நெருப்பு ஏன்ப்பா தானா அணையல?" என்று கேட்டாய். "சுவிச்சு சரியில்ல தாயி" என்று சொல்லிவைத்தேன். ஊரும் அதையே சொன்னது, தோட்டத்துத் தொரையும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தச் சுவிச்சு நன்றாகத்தான் இருந்தது. கொழுந்து அரைக்கும் ரோலர்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுத்தான் மெயின் சுவிச்சை இழுக்க வேண்டும், பத்து நிமிஷ வேலை. அன்றைக்கு ரோலர் நாலும் ஓடும்போதே இழுத்தேன், அதனால்தான் நெருப்பு பாய்ந்து கையைப் பிடித்தது. அவசரம் ஒன்றும் இல்லை, தேத்தண்ணி ஆறிப்போகும் என்றுதான். அதற்கு முன் எத்தனையோ தடவை அப்படி இழுத்தும் ஒன்றும் ஆகாததால் வந்த திமிர். நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்று பயந்து இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. ஆனால் நாளைக்கு உன்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள், அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை எடுத்துவிடு. உனக்கும் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நினைப்பு வரும். வந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்.

காலுக்குக் கம்பளி உறை போடு, வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் பட்டம் வாங்கி நீ நூறு வயது வாழ வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்கும் தெரியாது, இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், திட்டுவதென்றால் திட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே தாயி.

உன் அப்பா
செல்லசாமி